கீரிமலையில மலை இல்லை: கமராக்காரரிட்டக் கேளுங்கோ

போன மாதம் இந்தப் பக்கத்தில கலியாண வீட்டு லைற்றிங் பற்றி எழுதிப்போட்டு, கடைசியில சும்மா ஒரு வரி, லீவுக்கு மலைநாட்டுப் பக்கம் போறவை மேல நிண்டு பள்ளத்தாக்கைப் படம் எடுக்கிறதில ஏதும் சந்தேகம் எண்டால் எழுதுங்கோ எண்டு போட்டனான். அவ்வளவுதான். லைற்றிங்கைப் பற்றி ஒருத்தரும் மூச்சு விடேல்லை, மலையைப் பற்றிக் கட்டுக்கட்டா வந்து குவிஞ்சு கிடக்கு. விளங்குது. எங்கட குடாநாட்டில மலை எண்டு பேர் வைச்சிருக்கிற கீரிமலைக்குப் போனால் அங்க கேணியும் கடலும் தான். உயரத்தில ஏறி நிக்கோணும் எண்டால் கோட்டை மதில், இல்லாட்டி வீட்டு மொட்டை மாடித் தண்ணித் தாங்கி. இப்பிடிப் பிறந்து வளந்த ஆக்கள் ஒருநாள் மலை விளிம்பில போய் நிண்டால் கை சும்மா இருக்குமே, அமத்து அமத்து எண்டு அமத்தத்தான் சொல்லும். நானும் அந்த விசரில மாட்டின ஆள்தான், அது கீழ வருது.

ஒஃபிஸ் ட்ரிப்பில எல்லக்குப் போய் சின்ன சிவனொளிபாத மலையில ஏறி போனில 400 படம் எடுத்தன். நேர பாக்கேக்க அப்பிடி ஒரு வடிவு. வீட்ட வந்து பாத்தால் மலை எல்லாம் கறையான் புத்து மாதிரி இருக்கு. பிழை போனிலயோ என்னிலயோ?
வங்கி ஊழியர், சுன்னாகம்

போனில பிழை இல்லைத் தம்பி, உங்களிலயும் பெரிசாப் பிழை இல்லை, அந்த 0.5 எண்ட பட்டனில தான் பிழை. முழுப் பள்ளத்தாக்கும் அடங்கோணும் எண்டு எல்லாரும் முதல் அமத்திறது அதைத்தான். அந்த அகல லென்ஸ் என்ன செய்யும் எண்டால் உங்கட காலுக்குக் கிட்டக் கிடக்கிற புல்லையும் கல்லையும் பெரிசாக்கிப்போட்டு தூரத்தில இருக்கிறதை எல்லாம் இன்னும் தூரத் தள்ளிவிடும், எதிர்ப்பக்கம் இருக்கிற எல்ல றொக் எவ்வளவு பெரிய பாறை, அது படத்தில நகத்தளவு ஆகிப்போகும். கண் அப்பிடி வேலை செய்யிறேல்லை. கண் ஒரு நேரத்தில ஒரு துண்டைத் தான் வடிவாப் பாக்கும், பிறகு மற்றத் துண்டு, பிறகு கீழ போற றோட்டு, பிறகு அங்கால ஒரு வீட்டுப் புகை, இதெல்லாத்தையும் மூளை ஒண்டாச் சேத்து "பெரிசு" எண்டு உங்களுக்குச் சொல்லுது. கமராவுக்கு அந்தக் கெட்டித்தனம் இல்லை.

அதால அடுத்த முறை போகேக்க 0.5 ஐ மறந்திட்டு 2 அல்லது 3 இல வையுங்கோ. உங்கட போனில தூர லென்ஸ் தனிய இருந்தால் நல்லது, இல்லாட்டியும் 2 வரைக்கும் பெரிசாக் கெடாது, விரலால இழுத்து இழுத்து 10, 20 எண்டு போனால் தான் படம் சோறு குழைஞ்ச மாதிரி ஆகும். இப்ப பள்ளத்தாக்கு முழுக்க வராது. வர வேண்டாம். ஒரு சரிவு, அதில வெயில் விழுற இடம், அதுக்குப் பின்னால நிழலில இன்னொரு சரிவு, அது காணும். எங்கட கடல்நீரேரியை எடுக்கேக்க எங்களுக்கு இந்தக் கரைச்சல் வாறேல்லை பாருங்கோ, அங்க இருக்கிறது ஒரு கோடு, அதில ஒரு வள்ளம், தெரிஞ்சோ தெரியாமலோ ஒண்டைத்தான் எடுக்கிறம். மலையில பத்துக் கோடு குறுக்க மறுக்க ஓடுது, எல்லாம் வேணும் எண்டு ஆசைப்பட்டால் ஒண்டும் மிஞ்சாது.

இன்னொண்டு. மலை பெரிசு எண்டு பாக்கிறவருக்கு எப்பிடித் தெரியும்? அவருக்கு அளவு தெரிஞ்ச சாமான் ஒண்டு உள்ளுக்க இருக்கோணும். ஒரு பஸ், ஒரு லயத்துக் கூரை, பாதையில நடந்து போற ஒரு ஆள், கட்டெறும்பளவில எண்டாலும் பரவாயில்லை. உங்கட 400 படத்திலயும் தேடிப் பாருங்கோ, அப்பிடி ஒண்டு கட்டாயம் எங்கயாவது தற்செயலா விழுந்திருக்கும், அந்தப் படம் தான் உள்ளதுக்குள்ள நல்லதா இருக்கும். பிறகு, பள்ளம் எண்டது ஆழம், அதைக் காட்டப் போனை நிமித்தியும் பிடிச்சுப் பாருங்கோ, எல்லாரும் படுக்கப் போட்டுத்தான் எடுக்கினம்.

என்னட்ட 18-55 லென்ஸோட ஒரு பழைய டிஎஸ்எல்ஆர் இருக்கு. மலைப் படம் எல்லாம் நீலமா, பால் ஊத்தின மாதிரி வெளிறிப் போகுது. கடைக்காரர் யூவி ஃபில்டர் போடச் சொல்லுறார். வாங்கிறதோ?
பல்கலைக்கழக மாணவி, திருநெல்வேலி

வாங்காதேங்கோ தங்கச்சி. ஃபிலிம் காலத்தில அதுக்கு ஒரு வேலை இருந்தது, டிஜிட்டல் கமராவில சென்சருக்கு முன்னாலயே யூவியைத் தடுக்கிற கண்ணாடி வைச்சுத்தான் வருது, அதால இப்ப அது லென்ஸில கீறு விழாமக் காக்கிற ஒரு கண்ணாடி, அவ்வளவுதான்.

நீலம் எங்க இருந்து வருது எண்டால், உங்களுக்கும் தூர மலைக்கும் இடையில இருக்கிற காத்துத் தான். வானம் நீலமாத் தெரியிற அதே காரணம். காத்து வெளிச்சத்தைச் சிதறடிக்கேக்க நீலத்தைத் தான் கூடச் சிதறடிக்கும், பத்து இருபது கிலோமீற்றர் காத்துக்குள்ளால பாத்தால் அந்த நீலம் மலைக்கு மேல ஒரு சேலை போட்ட மாதிரி விழுந்து கிடக்கும். அதோட தூசி, புகை, ஈரம் சேர வெள்ளையும் கலந்து வெளிறும். ஊவாப் பக்கம் வறண்ட காலத்தில பற்றைக் காட்டுக்கும் புல்லுக்கும் நெருப்புப் பிடிக்கும், அந்தப் புகைக்குள்ளால பாக்கேக்க எந்தக் கமராவும் ஒண்டும் செய்யேலாது.

காசு செலவழிக்கத்தான் வேணும் எண்டால் பொலரைசர் ஃபில்டர் ஒண்டு வாங்குங்கோ, வட்ட வடிவானது, சுத்திச் சுத்திப் பாத்து எடுக்கிறது. சிதறின வெளிச்சத்தில ஒரு பங்கை அது வெட்டும், இலையில அடிக்கிற மினுக்கத்தையும் எடுக்கும், தேயிலைச் செடிக்கு அது சரியான வித்தியாசத்தைக் காட்டும். ஆனால் எல்லாத் திசைக்கும் வேலை செய்யாது. சுட்டு விரலைச் சூரியனுக்கு நேர நீட்டிக்கொண்டு பெருவிரலை எல் எழுத்து மாதிரி விரிச்சு, கையைச் சுத்துங்கோ, பெருவிரல் காட்டுற திசையெல்லாம் அது நல்லா வேலை செய்யும். சூரியன் கிழக்கில பதிஞ்சு இருக்கேக்க எண்டால் வடக்கும் தெற்கும். ஹோட்டன் சமவெளியில இருக்கிற உலகமுடிவு தெற்குப் பாத்த விளிம்பு, அதால விடியக்காலமை அங்க அது நல்லாப் பிடிக்கும். ஒண்டரை ஸ்டொப் அளவு, அதாவது பாதிக்கு மேல, வெளிச்சத்தையும் தின்னும், அதையும் கணக்கில வைச்சுக்கொள்ளுங்கோ. லென்ஸை 18 இல, ஆக அகலமா, வைச்சு வானத்தைக் கனக்க சேத்து எடுத்தால் வானத்தில ஒரு பக்கம் கடும் நீலம் மற்றப் பக்கம் வெளிறல் எண்டு திட்டுத் திட்டா வரும், 35க்கு மேல போனால் அந்தப் பிரச்சினை குறைவு.

ஃபில்டர் இல்லாமலும் வழி இருக்கு, எனக்கு உண்மையில அது தான் கூடப் பிடிக்கும். அந்த நீலத்தோட சண்டை பிடிக்காதேங்கோ. சூரியன் உங்களுக்கு எதிர்ப்பக்கம் பதிஞ்சு நிக்கேக்க, லென்ஸை 55 இல, ஆகக் கிட்ட இழுத்து, வைச்சு, கிட்ட இருக்கிற மலை கறுப்பு, அதுக்குப் பின்னால கடும் நீலம், அதுக்குப் பின்னால சாம்பல், கடைசி வானத்தோட கரைஞ்சு போறது, இப்பிடி நாலஞ்சு அடுக்கா எடுங்கோ. வெளிறல் இல்லாட்டி அந்த அடுக்கே தெரியாது. றோவில, அதாவது கமரா சுருக்காமல் சேமிக்கிற ஃபைலா, எடுத்தால் பிறகு கம்ப்யூட்டரில வெளிறலைக் குறைக்க டீஹேஸ் எண்டு ஒரு பட்டன் இருக்கு, கொஞ்சமா இழுங்கோ, 15, 20 காணும், நூறுக்கு இழுத்துப்போட்டு முகநூலில போடுற ஆக்களின்ர மலை எல்லாம் தார் பூசின மாதிரி இருக்கிறதைக் கண்டிருப்பியள்.

நாங்கள் குடும்பமா வான் பிடிச்சு ஹோட்டன் சமவெளிக்கும் அப்புத்தளைக்கும் போக இருக்கிறம். எந்த மாதம், எத்தினை மணி? போன முறை உலகமுடிவில வெள்ளை மதிலைத் தான் பாத்திட்டு வந்தம்.
ஓய்வுபெற்ற ஆசிரியர், கரவெட்டி

சேர், அந்த வெள்ளை மதிலைப் பாக்காத ஆக்கள் எங்கட பக்கத்தில குறைவு. எத்தினை மணிக்குப் போனனீங்கள் எண்டு எழுதேல்லை, நான் சொல்லட்டே, பத்துப் பத்தரை. நுவரெலியாவில ஆறுதலா எழும்பி, பாணும் சம்பலும் சாப்பிட்டு, சின்னப் பிள்ளையளுக்கு ஸ்வெற்றர் போட்டு வெளிக்கிட்டால் அந்த நேரம் தான் ஆகும்.

நடக்கிறது இது தான். இரவு மலைச் சரிவில இருக்கிற காத்துக் குளிர்ந்து பாரமாகி கீழ பள்ளத்துக்குள்ள இறங்கித் தேங்கி நிக்கும், அதால விடிய மேல தெளிவு, கீழ தான் பஞ்சு விரிச்ச மாதிரி மூட்டம். வெயில் ஏற ஏறச் சரிவு சூடாகும், அந்தக் காத்து ஈரத்தையும் தூக்கிக்கொண்டு மேல ஏறத் தொடங்கும், ஒம்பது பத்து மணி போல அது நேர விளிம்புக்கு வந்து உங்கட முகத்தில நிக்கும். உலகமுடிவில கிட்டத்தட்ட 870 மீற்றர் செங்குத்தா விழுது, அவ்வளவு உயரத்துக்கும் கீழ இருக்கிற ஈரமெல்லாம் மேல வாறதெண்டால் வேற எங்க போறது. வாசல் 6 மணிக்குத் திறக்கும், அந்த நேரம் அங்க நிண்டால் நடந்து விளிம்புக்குப் போக ஒண்டரை மணித்தியாலம், எட்டு மணிக்குள்ள நிக்கலாம். முழுச் சுத்தும் ஒம்பது கிலோமீற்றர் மட்டில வரும், முதல் சின்ன உலகமுடிவு, பிறகு பெரிசு, பேக்கர் அருவியைத் திரும்பி வரேக்க பாருங்கோ, அருவிக்கு மூட்டம் நல்லது தான், வெளிச்சம் மெத்தையா விழும். பொலித்தீன் பையில சாப்பாடு கட்டிக்கொண்டு போகாதேங்கோ, வாசலில பிரிச்சு எடுத்திடுவினம், போன முறை கண்டிருப்பியள்.

மாதம் எண்டால் எங்கட ஆக்களுக்குக் காத்தை வைச்சுச் சொல்லலாம். சோளகம், அதுதான் தென்மேல் காத்து, வீசிற காலம், வைகாசி தொடக்கம் புரட்டாதி மட்டும், மழை மேற்குச் சரிவில, ஹற்றன், மஸ்கெலியா, நுவரெலியாப் பக்கம் கொட்டும், அந்த நேரம் மலைக்கு அங்கால பதுளை, பண்டாரவளை, எல்ல காய்ஞ்சு போய் இருக்கும். வாடை தொடங்கினால் மாறி நடக்கும், ஊவாப் பக்கம் மழையும் மண்சரிவும். ரெண்டும் இல்லாத இடைவெளி தை கடைசியில இருந்து பங்குனி வரைக்கும், ஹோட்டன் சமவெளிக்கு அது தான் திறம். பங்குனி சித்திரையில விடியத் தெளிவா இருந்து பின்னேரம் இடியோட மழை வரும், அந்த மழைக்கு முன்னால கட்டுற முகில் படத்துக்கு அருமை, ஆனால் இடி மின்னல் நேரம் உச்சியில நிக்காதேங்கோ. ரயிலில போறதெண்டால் பாதை ஓடுதோ எண்டு முதல் விசாரியுங்கோ, மண்சரிவெண்டால் நாள்கணக்கா, சிலவேளை அதுக்கும் மேல நிண்டு போகும்.

அப்புத்தளை எண்டால் லிப்டன் சீற் எண்ட உச்சி. தம்பேதென்னத் தேயிலை ஃபக்டரி 1890 இல லிப்டன் கட்டுவிச்சது, அதில இருந்து தோட்டப் பாதையால 7 கிலோமீற்றர் மட்டில ஏற்றம், ஓட்டோவும் போகும். உயரம் 1,970 மீற்றர் அளவில. தெளிஞ்ச நாளில உடவளவைக் குளமும் அதுக்கு அங்காலயும் தெரியும்.

நான் மாட்டின கதை இங்க தான். 2002 இல, சண்டையால மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்த வருசம், முதல் முதலா மலையைக் கண்டனான், அதுவரைக்கும் மலை எண்டது எனக்கு ஸ்ரூடியோவில ஆக்களுக்குப் பின்னால தொங்கவிடுற சீலை தான். கையில ஒரு ஃபிலிம் கமரா, 36 படம் எடுக்கிற ரோல் ஒண்டே ஒண்டு. லிப்டன் சீற்றில ஏறி நிண்டால் மூட்டம், ஒண்டும் தெரியேல்லை, இவ்வளவு தூரம் வந்தாச்சே எண்டு மூட்டத்தை எடுத்தன், தேயிலைச் செடியை எடுத்தன், கூட வந்த நாலு பேரையும் மாறி மாறி எடுத்தன், 20 நிமிசத்தில ரோல் முடிஞ்சுது. மச்சான்மார் ரொட்டிக் கடையில பிளேன்ரீ குடிக்கப் போயிட்டினம். நான் கமராவைத் தோளில போட்டுக்கொண்டு நிக்க, எங்க இருந்தோ ஒரு காத்து வந்து அந்த மூட்டத்தைத் திரைச்சீலை விலத்தின மாதிரி ரெண்டாப் பிரிச்சுது. கீழ ஒண்டுக்குப் பின்னால ஒண்டா மலை, இடையில வெயில் கம்பி கம்பியா இறங்குது, தூரத்தில குளம் ஒண்டு தகடு மாதிரி. ஒரு பத்து நிமிசம் இருக்கும். பிறகு மூடிட்டுது. அந்த 36 இல ஒண்டைக் கூட இப்ப வைச்சிருக்கேல்லை, எடுக்காத அந்தப் படம் மட்டும் அப்பிடியே கண்ணுக்குள்ள நிக்குது.

அதால சேர், பிந்திப் போய் மூட்டத்தில மாட்டினாலும் உடன திரும்பாதேங்கோ, அரை மணித்தியாலம் இருங்கோ. காத்து இருந்தால் பிரியும், காத்தில்லாமல் மழைத் தூறலோட மூடினால் வீட்டுக்குப் போகலாம்.

செற்றிங் எல்லாம் ஒரு வரியில சொல்லுங்கோ.
பெயர் போடாமல் வந்த கடிதம்

ஒரு வரியில ஏலாது, ரெண்டு வரி: ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணருற அளவு) 100, எஃப் (லென்ஸ் ஓட்டையிட அளவு, எண் கூடக் கூட ஓட்டை சின்னன்) 8 இல இருந்து 11, ட்ரைபொட், 2 செக்கன் ரைமர், ட்ரைபொட்டில வைச்சால் லென்ஸில கை ஆட்டத்தைக் குறைக்கிற ஸ்டெபிலைசரை நிப்பாட்டுங்கோ. எஃப் 22 க்குக் கொண்டு போனால் எல்லாம் கூர்மையா வரும் எண்டு ஆரோ பரப்பி விட்டிருக்கினம், உண்மையில அந்தச் சின்ன ஓட்டைக்குள்ளால வெளிச்சம் வளைஞ்சு படம் மழுங்கும். வானம் வெளிச்சம் பள்ளம் இருட்டு எண்டால் வானத்துக்கு ஒண்டு பள்ளத்துக்கு ஒண்டு எண்டு ரெண்டு படம் எடுத்துப் பிறகு சேருங்கோ, போனில எச்டிஆர் அதைத் தானே செய்யும், நீங்கள் வெள்ளை முகிலில விரலை வைச்சுக் கொஞ்சம் கீழ இழுத்து விட்டால் காணும். எங்கட நாடு பூமியிட நடுக்கோட்டுக்குக் கிட்ட, சூரியன் நேர மேல ஏறும், ஒரு மணித்தியாலத்தில 15 பாகை மட்டில. அந்தப் பொன் வெளிச்சம் அரை மணித்தியாலத்துக்கு மேல நிண்டு பிடிக்காது, அந்த நேரத்தில மெனுவுக்குள்ள தேடிக்கொண்டு நிக்காதேங்கோ, முதல் நாள் இரவே எல்லாம் செற் பண்ணி வையுங்கோ.

மகள் சுவிஸில பேர்ணில இருக்கிறா. மாசியில போறன். பனி மலைப் பள்ளத்தாக்குப் பாக்கக் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னவ. போன் மட்டும் தான் இருக்கு. எனக்குப் பெரிசா ஒண்டும் தெரியாது மோனை.
ஒரு அம்மா, மானிப்பாய்

தெரியாது எண்டு சொல்லுற ஆக்கள் தான் அம்மா நல்லா எடுக்கிறது. பேர்ணில இருந்து எண்டால் மகள் லவுட்டர்புருன்னனுக்குத் தான் கூட்டிக்கொண்டு போவா எண்டு நினைக்கிறன். எங்கட மலைநாட்டுப் பள்ளத்தாக்கு ஆறு அரிச்சு அரிச்சு கூராப் போனது, அது அப்பிடி இல்லை, முந்தி ஒரு பெரிய பனிக்கட்டி ஆறு ஊர்ந்து போய் சுரண்டி எடுத்த இடம், அடி தட்டையா, ரெண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், பெரிய தொட்டி ஒண்டு மாதிரி. சுவரில இருந்து அருவியள் விழும், ஸ்ரவுப்பாக் எண்டது 297 மீற்றர்.

கீழ நிண்டு எடுத்தால் கழுத்து நோகும், மேல வெங்கன் எண்ட ஊருக்குப் பல்லு ரயில் போகும், அது 1,274 மீற்றர், பள்ளத்தில இருந்து 470 மீற்றருக்கு மேல. அங்க நிண்டு பள்ளத்தைப் பாருங்கோ. காலமை போறது நல்லது, வெயில் உங்களுக்குப் பின்பக்கத்தால வந்து எதிர்ச் சுவரில விழும், மத்தியானம் எண்டால் தெற்கால வாற வெயில் கண்ணுக்குள்ள அடிக்கும்.

பனியை எடுக்கேக்க போன் ஏமாறும். இவ்வளவு வெள்ளையா எண்டு பயந்து அதைச் சாம்பலாக்கிப் போடும், ஊத்தைத் துணி மாதிரி வரும். பனியில விரலை வையுங்கோ, பக்கத்தில ஒரு சின்னச் சூரியன் வரும், அதைக் கொஞ்சம் மேல இழுங்கோ, வெள்ளை வெள்ளையா வந்திடும். குளிரில போன் பற்றரி கெதியாச் செத்துப் போகும், போனைக் கைப்பையில வைக்காமல் உள் சட்டைப் பொக்கற்றில உடம்புச் சூட்டோட வையுங்கோ. எடுத்த கையோட சூடான ரயிலுக்குள்ள ஏறினால் லென்ஸில ஈர ஆவி படியும், சீலைத் தலைப்பால தேய்க்காதேங்கோ, கொஞ்ச நேரத்தில தானாப் போகும். மகளை ஒரு படத்தில தூர நடந்து போகச் சொல்லி முதுகுப் பக்கமா எடுங்கோ, பிறகு எனக்கு ஒண்டு அனுப்புங்கோ.

கொழுந்து பறிக்கிற அக்காமாரைப் பள்ளத்தாக்கோட சேத்து எடுக்க விருப்பம். காசு கேக்கினம் எண்டு நண்பர்கள் சொல்லுறாங்கள். குடுக்கலாமோ?
இளைஞர், சாவகச்சேரி

கேட்டால் குடுக்கிறது தான். அவை அண்டைக்கு இத்தினை கிலோ எண்டு கணக்குப் பாத்து நிறுத்துக் குடுக்கிற வேலையில நிக்கினம், நீங்கள் "இந்தப் பக்கம் திரும்புங்கோ, சிரியுங்கோ" எண்டு அஞ்சு நிமிசம் நிப்பாட்டினால் அது அவையிட கூடையில குறையிற கொழுந்து. எங்கட ஆக்களில சிலபேர் வெள்ளைக்காரர் வந்தால் தான் காசு, நாங்கள் தமிழாக்கள் தானே எண்டு கதைக்கினம், எனக்கு அந்தக் கதை பிடிக்கிறேல்லை. தமிழ் தெரியும் எண்டது உங்களுக்கு ஒரு வசதி, முதல் கமராவைக் கீழ இறக்கிப்போட்டுக் கதையுங்கோ, எந்த மலைக்குப் பின்னால வெயில் முதல் வரும், எந்த வளைவில நிண்டால் முழுத் தோட்டமும் தெரியும் எண்டு அவையைப் போல ஆருக்கும் தெரியாது. வேண்டாம் எண்டு சொன்னால் எடுக்காதேங்கோ.

இதில ஒரு பழைய கதை இருக்கு. ஜூலியா மார்கரெட் கமரூன் எண்டு 19ம் நூற்றாண்டில முகப்படத்துக்கு உலகப் பேர் எடுத்த ஒரு மனிசி, 1875 இல புருசனோட இங்க வந்து, 1879 இல திக்கோயாப் பக்கத்தில செத்துப்போனவ, அடக்கம் செய்தது பொகவந்தலாவைத் தேவாலயத்தில. மனிசியைச் சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் மலை, ஆனாலும் ஃபிலிமுக்குப் பதிலா அப்ப பாவிச்ச கண்ணாடித் தட்டுகளில அவ எடுத்ததில அங்க வேலை செய்த ஆக்களிட முகங்கள் தான் கூட. அது எனக்கு எப்பவும் ஒரு யோசனையைத் தரும். நீங்கள் அந்த அக்காவைப் பள்ளத்தாக்குக்கு முன்னால நிக்கிற ஒரு சிவப்புப் புள்ளியாத் தான் நினைக்கிறியள் எண்டால் தூர நிண்டு எடுங்கோ, முகம் தெரிய வேண்டாம். முகம் வேணும் எண்டால் கிட்டப் போய், பேர் கேட்டு, எடுத்ததைக் காட்டி, அச்சடிச்சு ஒண்டை அனுப்பிவிடுங்கோ. அனுப்புறன் எண்டு சொல்லிப்போட்டு அனுப்பாமல் விட்ட படம் எனக்கும் ரெண்டு மூண்டு இருக்கு.

ட்ரோன் கொண்டு போகலாமோ?
கோண்டாவில்

சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிட அனுமதி இல்லாமல் எங்கயும் பறக்க விடாதேங்கோ. ஹோட்டன் சமவெளி தேசிய பூங்கா, அங்க வனசீவராசிகள் திணைக்களத்திட அனுமதியும் வேணும், சும்மா கொண்டு போய் வாசலில தர்க்கப்படுறதில பிரயோசனம் இல்லை.

விளிம்பில கால் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்து எடுக்கிற படத்துக்கு எப்பிடி போஸ் குடுக்கிறது?
வட்டுக்கோட்டை

இதுக்குப் பதில் எழுதிறதோ விடுறதோ எண்டு யோசிச்சன். 2015 இல ஹனிமூன் வந்த ஒரு டச்சு மாப்பிளை உலகமுடிவில மனிசியைப் படம் எடுக்க எண்டு பின்னுக்குப் பின்னுக்குக் காலை வைச்சு விழுந்திட்டார். கீழ ஒரு மரத்தில சிக்கித் தப்பினவர், அங்க தப்பின ஆக்கள் குறைவு, ஆமிக்காரர் இறங்கித்தான் தூக்கினவை. பாறை விடிய ஈரமா வழுக்கும், மூட்டத்துக்குள்ள விளிம்பு எது புல்லு எது எண்டும் தெரியாது. படம் எடுக்கிறவர் கண்ணைக் கமராவில வைச்சுக்கொண்டு ஒரு அடி கூட நடக்கக் கூடாது, நிண்டு, இறக்கி, பாத்து, நடந்து, திரும்பத் தூக்கிறது. ரெண்டடி பின்னால பாறையில இருந்து, எடுக்கிறவர் பக்கவாட்டில நிண்டு தூர லென்ஸில எடுத்தால் விளிம்பில இருக்கிற மாதிரித்தான் தெரியும், அதைச் செய்யுங்கோ. எல்ல ரயிலில வெளிய தொங்குறதைப் பற்றி ஒரு கேள்வியும் வந்தது, அதைக் கிழிச்சுப் போட்டிட்டன்.

அண்ணை, எனக்கு மலைநாட்டுக்குப் போகக் காசு இல்லை. ஏ.எல் முடிச்சிட்டு நிக்கிறன். மாமா வெளிநாட்டில இருந்து ஒரு கமரா அனுப்பினவர். இஞ்ச இருந்துகொண்டு இதெல்லாம் பழகேலுமோ?
ஒரு தம்பி, பருத்தித்துறை

உங்கட வீட்டில இருந்து மணல்காடு எவ்வளவு தூரம், சைக்கிளில போற தூரம் தானே. அந்த மணல் திட்டியளைப் போய்ப் பாருங்கோ. விடிய ஆறு மணிக்கு ஒரு திட்டியில ஏறி நிண்டால் அது தான் உங்கட மலைத்தொடர், உச்சி இருக்கு, சரிவு இருக்கு, பள்ளம் இருக்கு, வெயில் பக்கவாட்டில விழேக்க ஒரு பக்கம் பொன், மற்றப் பக்கம் நிழல், காத்து கீறின வரியெல்லாம் தெரியும். அதே இடத்தில எட்டரைக்கு நிண்டு திரும்ப எடுங்கோ, எல்லாம் தட்டையாப் போயிருக்கும். பக்க வெளிச்சம் எண்டால் என்ன எண்டு நான் பத்துப் பக்கம் எழுதிறதை விட அந்த ரெண்டு படமும் உங்களுக்குச் சொல்லும். ஆளை நிப்பாட்டி அளவு காட்டிறது, தூர லென்ஸில அடுக்கு எடுக்கிறது எல்லாம் அங்க பழகலாம்.

மார்கழி தை விடியப்புறத்தில தோட்ட வெளியளில பனிப்புகார் இறங்கும், அதுக்குள்ள பனை மரம் ஒண்டுக்குப் பின்னால ஒண்டா வெளிறிப் போறது, நான் மேல சொன்ன மலை அடுக்கு மாதிரித்தான், கணக்கு ஒண்டு தான். ஐப்பசி பின்னேரங்களில கடலுக்கு மேல கட்டுற முகில் இருக்கே, அதைப் போல மலை பதுளையிலயும் இல்லை.

மணல்காட்டில ஒண்டை மட்டும் கவனியுங்கோ, அங்க நிண்டு லென்ஸைக் கழட்டாதேங்கோ. கட்டாயம் மாத்தோணும் எண்டால் காத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு குந்தி இருந்து, சாரத்துக்குள்ளயோ பைக்குள்ளயோ கையை விட்டு மாத்துங்கோ, மணல் உள்ளுக்க போனால் மாமாவுக்கும் கதை சொல்லோணும், எனக்கும் துப்பரவாக்கத் தெரியாது.